அஸ்பால்ட் கோர் அணையில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பாறை நிரப்பு அணையின் நடுவில் நீரைத் தடுக்க வழக்கமாகக் களிமண் கோர் வைப்பார்கள். நல்ல களிமண் பக்கத்தில் கிடைக்காத இடத்திலும், கோடை குறுகி மழை ஓயாத ஊரிலும் அதற்குப் பதிலாக அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை தடிமனுள்ள அஸ்பால்ட் (தாரும் ஜல்லியும் கலந்த) சுவரை எழுப்புகிறார்கள். இயந்திரத்தால் பரப்பி ரோலரால் இறுக்கிய முதல் கோர் 1962-இல் ஜெர்மனியின் க்ளைனே டூன் அணையில் வந்தது. பிறகு ஆஸ்திரியா, நார்வே, சீனா, கனடா என்று பரவியது. 1997-இல் முடிந்த நார்வேயின் ஸ்டோர்குளோம்வாட்ன் அணை 125 மீட்டர் உயரம். அதன் கோர் மேலே 0.5 மீட்டர், அடியில் 0.95 மீட்டர்தான். அவ்வளவு மெல்லிய சுவர் அவ்வளவு நீரைத் தாங்குகிறது என்பதால்தான் இதில் சின்னக் குறை தெரிந்தாலும் எல்லாருக்கும் பதற்றம் வந்துவிடுகிறது.

பதற்றத்தில் முதலில் கை வைப்பது தார் அளவில்தான். அது பெரும்பாலும் தவறான இடம். அறிகுறி கோரில் தெரியும். காரணமோ அதன் இரு பக்கத்து உடைகல் பட்டையான டிரான்சிஷனிலோ, அடியில் பாறைமேல் கட்டிய கான்கிரீட் மேடையான பிளிந்திலோ, வெப்பமானியிலோ, கணக்கிலோ உட்கார்ந்திருக்கும். கீழே உள்ளதை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜல்லியின் அதிகபட்ச அளவு 16 முதல் 19 மி.மீ. கல்மாவு, அதாவது 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கும் ஃபில்லர், 10 முதல் 14 சதவீதம். தார் ஜல்லி எடைக்கு 6 முதல் 7.5 சதவீதம். இறுக்கிய பின் ஓர் அடுக்கு 20 செ.மீ.; ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு. இரு பக்கமும் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 60 மி.மீ. வரையுள்ள உடைகல்லை டிரான்சிஷனாக, கலவையைப் பரப்பும் இயந்திரமான அதே பேவர் அதே ஓட்டத்தில் போட்டுவிடும். இறுக்கி முடித்த கோரில் காற்றிடம், அதாவது கலவைக்குள் மிஞ்சும் காற்று இடைவெளி, 3 சதவீதத்துக்குக் கீழ். இந்தக் கடைசி எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் எசமான்.

துளையிட்ட மாதிரியில் காற்றிடம் 3 சதவீதத்தைத் தாண்டுகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். உடனே கலவையை மாற்றாதீர்கள். முதலில் கணக்கை மாற்றிப் பாருங்கள்.

காற்றிடம் என்பது நேரடியாக அளக்கும் பொருள் அல்ல. இரண்டு அடர்த்திகளின் வித்தியாசத்திலிருந்து வருவது. மாதிரியின் அடர்த்தி 2.410, கலவையின் உச்ச அடர்த்தி (உள்ளே காற்றே இல்லாவிட்டால் இருப்பது) 2.500 என்று போட்டால் காற்றிடம் 3.6 சதவீதம், வேலையை நிறுத்த வேண்டியதுதான். அந்த 2.500 போன மாதம் குவாரியின் வேறொரு தட்டிலிருந்து வந்த கல்லுக்கு எடுத்தது, இப்போதைய கல்லுக்கு 2.470 என்றால் அதே மாதிரி 2.4 சதவீதத்தில் தேறிவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கும், தேறியதாக நினைத்தது தேறாமல் போகும். குவாரி முகம் மாறும்போதெல்லாம் உச்ச அடர்த்தியைப் புதிதாக எடுக்கச் சொல்லி வடிவமைப்புக் குறிப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. கல் நீர் உறிஞ்சுகிற சாதியா என்பதையும் அப்போதே பாருங்கள். துளையுள்ள பசால்ட் போன்ற கல் தாரைக் குடித்துவிடும், இடைவெளியை நிரப்ப மிச்சம் இருக்காது.

இரண்டாவது கணக்குப் பிழை தார் சதவீதத்தில். வடிவமைப்பாளர் மொத்தக் கலவையில் 6.5 என்று எழுதுகிறார். அப்படியென்றால் ஒரு டன் கலவைக்கு 65 கிலோ தார். கலவை தயாரிக்கும் பிளான்ட்டின் ஆபரேட்டர் அதை ஜல்லி எடைக்கு 6.5 என்று எடுத்துக்கொண்டால் டன்னுக்கு 61 கிலோதான் விழும். ஒவ்வொரு டன்னிலும் 4 கிலோ குறைந்துகொண்டே போகும், யாருக்கும் தெரியாது. எந்த அடிப்படையில் சதவீதம் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதாத குறிப்பை நான் குறிப்பாகவே மதிப்பதில்லை.

கணக்கு சுத்தம் என்றால் வெப்பத்துக்கு வாருங்கள். கலவை 160, 170 டிகிரியில் பேவருக்கு வருகிறது, ரோலர் ஏறும்போது 140, 150 இருக்கவேண்டும், 120-க்குக் கீழ் இறங்கிய பின் உருட்டுவதில் பயன் குறைவு. தார் வகையைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் இப்படி அப்படி நகரும். இங்கே ஏமாற்றுவது கையில் பிடிக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி. அது மேல்தோலை மட்டும் பார்க்கும். காற்றடிக்கும் மலைப்பள்ளத்தாக்கில் மேல்தோல் 110 காட்டும்போது பத்து செ.மீ. ஆழத்தில் 150 இருக்கலாம். குத்தும் கம்பி வெப்பமானியை அடுக்கின் நடுவரைக்கும் இறக்கிப் படியுங்கள். பதிவேட்டிலும் ஆழத்தைக் குறியுங்கள்.

வெப்பமும் சரியா? இப்போது டிரான்சிஷனைப் பாருங்கள். பக்கத்து உடைகல் தளர்ந்திருந்தால் ரோலரின் அழுத்தம் கலவையை இறுக்காமல் பக்கவாட்டில் தள்ளும். இதைக் கண்டுபிடிக்க மாதிரி கூட வேண்டாம், கலவைச் செலவுக் கணக்கு போதும். 0.6 மீட்டர் அகலம், 0.2 மீட்டர் தடிமன், அடர்த்தி 2.4 என்றால் ஓடுமீட்டருக்கு 288 கிலோ போகவேண்டும். சைட் பதிவேடு 330 கிலோ என்று சொன்னால் 15 சதவீதம் கூடுதல். அது உடைகல்லுக்குள் புகுந்திருக்கிறது. பக்கத்து ரோலர்கள் இரண்டும் ஜோடியாக, ஒரே வேகத்தில், கோர் ரோலருக்குச் சற்று முன்னே போகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் எண் இறங்கவில்லை என்றால்தான் கலவை. அப்போதும் சந்தேகம் முதலில் ஃபில்லர் மேல். பிளான்ட்டின் தூசிப்பையில் பிடித்த தூசியைத் திரும்பக் கலவையில் விடுகிறார்களா, எவ்வளவு விடுகிறார்கள் என்று கேளுங்கள். அது நாளுக்கு நாள் மாறினால் ஃபில்லரும் மாறும், ஃபில்லர் மாறினால் காற்றிடமும் மாறும்.

ஒரு விஷயம் தனியாகச் சொல்லவேண்டும். ரோடு போட்டுப் பழகிய குழு கோர் வேலைக்கு வந்தால் இந்த அறிகுறி கட்டாயம் வரும். ரோட்டுக் கலவையில் 3 முதல் 5 சதவீதம் காற்றிடத்தை வேண்டுமென்றே விடுவார்கள், வெயிலில் தார் பொங்கி மேலே வராமலிருக்க. கலவையை அச்சிலிட்டுச் சுத்தியலால் இடித்துப் பார்க்கும் மார்ஷல் சோதனையிலும் ஒரு பக்கத்துக்கு 75 அடி அடிப்பார்கள். கோருக்கு அந்த அடி மிக அதிகம். 30 அடி அளவில்தான் சைட்டில் கிடைக்கும் இறுக்கத்தோடு பொருந்தும். 75 அடியில் வடிவமைத்த கலவை ஆய்வகத்தில் அழகாகத் தேறும், சைட்டில் தார் போதாமல் காயும்.

மாதிரியைச் சூடு ஆறும் முன் துளைத்தாலும் எண் கெடும். உள்ளே பல நாள் சூடு நிற்கும். வெதுவெதுப்பான மாதிரி குழாயிலேயே நசுங்கும். காத்திருந்து எடுங்கள். எடுத்த துளையைச் சூடான கலவையால் சிறுசிறு படிகளாக இடித்து நிரப்புங்கள், ஒரே ஊற்றாக அல்ல.

ரோலர் போன பின் மேற்பரப்பு கறுத்து மின்னுகிறது

தார் மேலே எழுகிறது. முந்தைய பிழையின் மறுமுகம். மொத்தக் கலவைக்கும் ஜல்லிக்கும் இடையே குழப்பம் இப்போது எதிர்த்திசையில்: ஜல்லிக்கு 7 என்றதை மொத்தத்துக்கு 7 என்று வைத்தால் டன்னுக்கு 65.4 கிலோவுக்குப் பதில் 70 கிலோ விழும். அது இல்லையென்றால் கலவை மிகச் சூடாக இருக்கும்போதே ரோலர் ஏறியிருக்கும், அல்லது போதும் என்ற பிறகும் உருட்டியிருப்பார்கள். சில மில்லிமீட்டர் மின்னலால் அணைக்கு ஆபத்தில்லை. அடுத்த அடுக்கோடு அது நன்றாகவே ஒட்டும். அதிர்வைக் குறைத்து, ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். அடுக்கு முழுக்கத் தார் கூடுதல் என்றால் கோர் இளகும், மேலிருக்கும் பாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கும், அதை விடக்கூடாது.

கோர் ஓரிடத்தில் ஒடுங்குகிறது, அல்லது நடுக்கோட்டை விட்டு விலகுகிறது

ஒவ்வொரு அடுக்கின் விளிம்பும் கொஞ்சம் உடைகல்லுக்குள் நீளும், கொஞ்சம் உள்வாங்கும். வெட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் ரம்பப்பல் மாதிரி தெரியும். அது இயல்பு. வரைபடத்தில் எழுதிய அகலம் பல்லின் குழியில் அளந்தது, முனையில் அல்ல என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் தெளிவாக்குங்கள்.

கவலைப்பட வேண்டியது மேலும் கீழும் உள்ள அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் நழுவுவது. 60 செ.மீ. கோரில் ஓர் அடுக்கு 10 செ.மீ. நகர்ந்தால் அந்த மூட்டில் நீர் கடக்கவேண்டிய தூரம் 50 செ.மீ. ஆகிவிட்டது. பேவர் ஓட்டுநர் பார்க்கும் நடுக்கோட்டை ஒவ்வோர் அடுக்குக்கும் சர்வேயர் புதிதாகக் குறிக்கிறாரா, பழைய கோட்டைக் கண்ணால் தொடர்கிறார்களா? பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும். கீழடுக்கு இன்னும் மிகச் சூடாக இருக்கும்போது மேலடுக்கை ஏற்றினாலும் கீழது தளர்ந்து விரியும். ஒரே நாளில் மூன்று, நான்கு அடுக்கு போட அவசரப்படும் சைட்டில் இதைத் தேடுங்கள்.

டம்பர் லாரிகள் கோரைக் கடக்கும் இடத்தையும் ஒரு நடை பாருங்கள். இரும்புப் பாலம் போட்டுத்தான் கடக்கவேண்டும். பாலம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்று நேரடியாக ஏற்றிவிட்டால் விளிம்பு நசுங்குவதோடு டயரிலிருக்கும் சேறும் கோரில் ஒட்டும்.

மாதிரி அடுக்கு மூட்டில் இரண்டாகப் பிரிகிறது

நல்ல கோரில் துளைத்தெடுத்த உருளையில் மூட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. பிரிந்த முகத்தைத் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டினால் சுத்தம் செய்யவில்லை. வழவழப்பாக, நிறம் மங்கியிருந்தால் ஈரத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் சுத்தமாகப் பிரிந்தால் கீழடுக்கு ஆறிப்போயிருந்தது.

கீழடுக்கின் மேற்பரப்பு 70 டிகிரியாவது இருக்கவேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. பேவரின் முன்னால் இருக்கும் அகச்சிவப்புச் சூடேற்றி அதற்காகத்தான். ஆனால் சூடேற்றி அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் தார் கருகும். கருகிய தோலின் மேல் எதுவும் ஒட்டாது. புதிய கலவையின் சூடே கீழடுக்கின் மேல் சில செ.மீ. வரை மறுபடி இளக்கும். எனவே மெல்லிய சூடும் சுத்தமான, உலர்ந்த பரப்பும் போதும்.

மழை வந்தால் நிறுத்தி, தார்ப்பாய் மூடி, நின்றதும் காற்றடித்து உலர்த்தித் தொடரலாம். களிமண் கோர் இதே மழைக்குப் பல நாள் முடங்கும். நார்வேக்காரர்கள் மொரைன் மண்ணை (பனியாறு விட்டுச்சென்ற மண்) விட்டு இந்தப் பக்கம் வந்ததற்கு இது பெரிய காரணம். குளிர்காலம் முழுக்க வேலை நின்று மறுவருடம் தொடரும்போது மட்டும் மேற்பரப்பைத் தனியாக ஆய்ந்து, கெட்டதை வெட்டியெடுத்து, சூடேற்றி ஆரம்பிக்கவேண்டும். குறுக்கு மூட்டை நேராக வெட்டாமல் ஒன்றுக்கு மூன்று சரிவில் விடுங்கள்.

பிளிந்தில் மாஸ்டிக் உரிகிறது

கோர் பாறையைத் தொடுவதில்லை. பாறையில் கான்கிரீட் பிளிந்த், அதன்மேல் கரைப்பானில் கரைத்த தார்ப் பூச்சான பிரைமர், அதன்மேல் ஒன்றிரண்டு செ.மீ. மாஸ்டிக் (தார் மிகுந்த பசை), பிறகு கோர். உரிந்தால் கான்கிரீட்டின் மேல்தோலில் இருக்கும் சிமெண்ட் பாலாடையை நீக்காமல் பிரைமர் அடித்திருக்கிறார்கள். அல்லது பிரைமரின் கரைப்பான் ஆவியாகும் முன் மாஸ்டிக்கை ஊற்றி அது கொப்பளித்திருக்கிறது. மணலூதியோ அமிலத்தாலோ பாலாடையை எடுத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு மீண்டும் செய்யுங்கள். பிளிந்துக்கு அருகே கோரை விரித்து அகலப்படுத்தும் பகுதியைக் கையால்தான் போடவேண்டும். அங்கே ஜல்லி தனியே உருண்டு தேங்கும். மிகக் கவனமான ஆளை அங்கே நிறுத்துங்கள். என் கணிப்பில் முழு அணையிலும் மேற்பார்வை அதிகம் வேண்டிய ஒரே இடம் இந்த அடி ஒன்றரை மீட்டர்தான்.

கணினிக் கணிப்பு மலையோரத்தில் இழுவிசை காட்டுகிறது

இது கட்டுமுன் வரும் அறிகுறி. மலிவாகத் தீர்க்கக்கூடியதும் இதுதான். மலைச்சரிவு செங்குத்தாக இருந்தாலோ, சரிவு திடீரென்று மாறினாலோ, பாறை துருத்திக்கொண்டிருந்தாலோ அங்கே அணை ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் தொங்கும். கோரில் இழுவிசை வரும்.

கோரைத் தடிமனாக்கினால் தீரும் என்று நினைப்பது பழைய பழக்கம். கோர் எந்தத் தடிமனிலும் சுற்றியிருக்கும் பாறை நிரப்பலோடு சேர்ந்தே அசையும். நிரப்பல் எவ்வளவு அமிழும் என்பதே கேள்வி. ஆகவே பாறையைச் செதுக்கிச் சரிவைச் சமன் செய்யுங்கள், துருத்தலை எடுங்கள், மலையோர நிரப்பலைச் சிறிய கல்லாகப் போட்டு நன்றாக இறுக்குங்கள். அதன் பிறகே அங்கே மட்டும் மென்மையான தாரும் கொஞ்சம் கூடுதல் தாரும். சீனாவின் சிச்சுவானில் 174 மீட்டர் உயரமுள்ள ச்சுஷுவே அணையில் கோர் மட்டுமே 132 மீட்டர். செங்குத்தான கரைகளுக்கு நடுவே கட்டியது. கரையோர மூட்டுத்தான் அத்தகைய இடத்தில் வடிவமைப்பாளரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

கோர் எவ்வளவு அசைவைப் பொறுக்கும் என்பதற்கு ஆஸ்திரியாவின் ட்ஸில்லர்டால் பள்ளத்தாக்கிலுள்ள எபர்லாஸ்டே அணையைச் சொல்வார்கள். 28 மீட்டர் உயரந்தான், ஆனால் ஆழமான ஆற்றுவண்டலின் மேல் நிற்கிறது. அடிமண் 2 மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கோர் கூடவே வளைந்துகொடுத்தது. சீரான அமிழ்வை அஸ்பால்ட் தாங்கும். படிக்கட்டு மாதிரியான அமிழ்வைத்தான் தாங்காது.

நீர் ஏற ஏற வி-நாட்சும் ஏறுகிறது

முதல் நீர் நிரப்பல். அணையின் கீழடிவாரத்தில் கசிவை அளக்க V வடிவில் வெட்டிய தடுப்பான வி-நாட்சில் மட்டம் 10 செ.மீ.யிலிருந்து 12 செ.மீ. ஆகிறது. இரண்டு செ.மீ.தானே என்று விடாதீர்கள். 90 டிகிரி நாட்சில் ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்கில் ஏறும்: 10 செ.மீ.க்கு விநாடிக்கு 4.4 லிட்டர், 12 செ.மீ.க்கு 6.9 லிட்டர். ஒன்றரை மடங்குக்கு மேல்.

இப்போது கோர் வழியே எவ்வளவு வரமுடியும் என்று ஒரு கணக்கு. 200 மீட்டர் நீளம், 50 மீட்டர் உயரம், 0.6 மீட்டர் தடிமன், சராசரி நீரழுத்தம் 25 மீட்டர். நீர்க்கடத்துதிறன் விநாடிக்கு 10⁻¹⁰ மீட்டர் என்றால் மொத்தக் கசிவு நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர். கோரைப் பத்து மடங்கு மோசமாகவே கட்டியிருந்தாலும் 25 லிட்டர், அதாவது விநாடிக்கு அரை லிட்டர் கூட இல்லை. நாட்ச் காட்டுவதோ விநாடிக்கு 6.9 லிட்டர். அந்த நீர் கோரின் உடல் வழியே ஊறி வரவில்லை. ஏதோ ஒரு மூட்டு, ஏதோ ஒரு பாறைப் பிளவு, அல்லது வானத்திலிருந்து வருகிறது.

வானத்தை முதலில் கழித்துவிடுங்கள். மழைப் பதிவோடும் மலைச்சரிவு ஊற்றோடும் ஒப்பிடுங்கள். அணை நீர்மட்டம் அசையாமல் நிற்கும் உலர்ந்த நாட்களின் அளவு ஒன்றுதான் நம்பத்தக்கது. நீரின் வெப்பநிலையும் பேசும்: ஏரி ஆழத்து நீரின் வெப்பமா, நிலத்தடி நீரின் வெப்பமா?

பிறகு எங்கே என்று கேளுங்கள். கசிவுக் கால்வாயைக் குறுக்குச் சுவர்களால் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனி நாட்ச் வைத்த அணையில் அரை மணி நேரத்தில் இடது கரையா, வலது கரையா, நடுவா என்று தெரிந்துவிடும். ஒரே நாட்ச் வைத்த அணையில் மாதக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருக்கவேண்டும். குறுக்குச் சுவர்களுக்கு ஆகும் கான்கிரீட் சொற்பம். இதை மிச்சம் பிடித்த வடிவமைப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கரைப்பக்கம் என்றால், பாறைப் பிளவுகளில் சிமெண்ட் கூழ் செலுத்தி அமைத்த கிரௌட் திரையைச் சந்தேகியுங்கள். அஸ்பால்ட் கோரின் நற்பெயர் மலைப்பாறைக்குப் பொருந்தாது. சிச்சுவானின் 125 மீட்டர் யேலே அணையில் வலது கரை வண்டல் 400 மீட்டருக்கும் ஆழமானது. அங்கே கோரை விடக் கரைக்கடியிலுள்ள தடுப்புச் சுவரும் கிரௌட் திரையுமே பெரிய வேலை. நடுப்பகுதி என்றால் பிளிந்தின் குறுக்கு மூட்டுகளையும் கோரின் கீழ்ப்பக்கத்து நீரழுத்தமானிகளான பீசோமீட்டர்களையும் பாருங்கள். கோருக்குக் கீழ்ப்பக்கம் நீரழுத்தம் அடிமட்டத்தில் மட்டும் ஏறினால் வழி பிளிந்துக்கு அடியில்.

நீர் தெளிவாக, மட்டத்தோடு ஏறி மட்டத்தோடு இறங்கினால் நேரம் இருக்கிறது. கலங்கி வந்தாலோ, ஏரி மட்டம் நிற்கும்போதும் ஓட்டம் ஏறிக்கொண்டே போனாலோ ஏதோ அரிக்கப்படுகிறது. நிரப்பலை நிறுத்துங்கள், மட்டத்தை இறக்குங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்.

கசிவது கோர்தான் என்று முடிவாகிவிட்டால்

அரிதாகத்தான் அங்கே வந்து நிற்பீர்கள். கோர் அணையின் வயிற்றுக்குள் இருப்பது வெயிலும் காற்றும் படாமல் தார் முதுமையடையாமல் இருக்க உதவுகிறது. அதே காரணத்தால் பழுதுபார்க்கக் கை எட்டாது. நீர்ப்பக்கச் சரிவில் அஸ்பால்ட் போட்ட அணையை வடித்துவிட்டு ஒட்டுப்போடலாம். இங்கே அது முடியாது.

60 செ.மீ. சுவரில் மேலிருந்து துளையிட்டுக் கிரௌட் செய்யலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 80 மீட்டர் ஆழத்தில் துளை ஒரு சதவீதம் சாய்ந்தாலே 80 செ.மீ. விலகிவிடும், கோரை விட்டே வெளியேறிவிடும். போகிற வழியில் நல்ல சுவரையும் ஓட்டையாக்கும். செய்யவேண்டியது நீர்ப்பக்க டிரான்சிஷனில். ஒன்றரை மீட்டர் அகலம், நெருங்கிய உடைகல், கோரை ஒட்டி நிற்பது. அதில் துளையிட்டு, கசிவுப் பகுதியின் உயரத்துக்கு மட்டும் கிரௌட் செலுத்தலாம். மேலே இருந்து நுண்மணல் இறக்கி நீரோட்டமே அதைப் பிளவுக்குள் இழுத்துச் செல்ல விடுவதும் உண்டு. இதற்காகவே நீர்ப்பக்க டிரான்சிஷனைக் கீழ்ப்பக்கத்தை விடச் சற்று அகலமாக வரைந்து, அணையுச்சியிலிருந்து துளைக்கருவி அதன் நேர்மேலே நிற்கத் தோதாக இடம் விடுங்கள். மின்கம்பிப் பள்ளத்தையும் அலைத்தடுப்புச் சுவரையும் அந்தக் கோட்டிலிருந்து தள்ளி வரைவதற்கு வரைபட மேசையில் செலவே இல்லை.